உதயபுரத்தின் நன்மை தீமைகள்

மனிதனை மனிதனாக்கியது நெருப்பும் இல்லை, சக்கரமும் இல்லை, தனிச் சுவர்தான் என்பது ஜீவராஜ் பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு கண்டடைந்த உண்மை. ஆராய்ச்சி நடந்த இடம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஆறாம் நம்பர் லயம் என்ற வரிசை வீடு, அதில் நாலாவது அறையான நாலாவது காம்பரா. முடிவு வெளியிடப்பட்ட இடம் உதயபுரம் முன்பள்ளிக் கட்டடம். பௌர்ணமி விடுமுறையான போயா நாள் காலை பத்து மணிக்கு, குடியிருப்பாளர் சங்கத் தலைவர் என்ற முறையில், மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த சிவப்பு நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு அவர் அதை அறிவித்தார்.

“எரநூறு வருசமா நாங்க அடுத்தவன் செவுத்துல சாஞ்சிக்கிட்டுதான் வாழ்ந்தோம். இப்ப நாலு செவுரு இருக்கு. நாலும் நம்ம செவுரு. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்னா வேணும்?”

“தண்ணி வேணும்,” என்றார் தம்பிஐயா. “முந்தாநாள்லேருந்து பைப்புல காத்துதான் வருது.”

தம்பிஐயா எட்டாம் நம்பர் வீட்டுக்காரர். ஸ்டோரில் முப்பது வருடம் தேயிலைத் தூளைச் சலித்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது மற்றவர்களின் பேச்சைச் சலித்துக்கொண்டிருக்கிறார்.

வட்டவளைக்குக் கீழே, கினிகத்தேனைக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்து மலைச்சரிவில் இறங்கும் இடம்தான் உதயபுரம். எட்டு மாதங்களுக்கு முன்னால் லயத்திலிருந்து வந்த இருபத்தாறு குடும்பங்கள், ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம், நடுவே வீடு. இதைத் தோட்டம் என்றோ கிராமம் என்றோ யாராவது சொன்னால் ஜீவராஜுக்கு முகம் சுருங்கிவிடும். அவர் அதைப் புறநகர் என்றுதான் சொல்வார்.

“எந்த நகருக்குப் பொறநகரு, தலைவரே?” என்று தம்பிஐயா முதல் கூட்டத்திலேயே கேட்டிருந்தார்.

“வட்டவளைக்கு.”

“வட்டவளையே ஹட்டனுக்குப் பொறத்தாலதானே கெடக்கு.”

“அப்ப ஹட்டனுக்குன்னு வச்சிக்கிருங்க,” என்று ஜீவராஜ் அந்த இடத்திலேயே எல்லையை நீட்டித்துவிட்டார்.

அன்றைய கூட்டத்துக்குக் காரணம் வீடமைப்பு ஆபீசிலிருந்து வந்த ஒரு கடிதம். அடுத்த கட்டமாக இன்னும் நாற்பது வீடுகள் கட்டப்போகிறார்களாம். அதற்கு முன்பு, இங்கே வாழ்வதன் நன்மைகள் எவை, தீமைகள் எவை என்று குடியிருப்பாளர்களே கலந்துபேசி எழுதி அனுப்ப வேண்டும். கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. லயத்துக் காம்பராவின் சாவியை இன்னும் கொடுக்காதவர்கள் மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மனமில்லாதவர்கள் புது வீட்டைச் சங்கத் தலைவரின் கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு லயத்துக்கே போகலாம். வீட்டுக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அந்தக் கடைசி வரியை ஜீவராஜ் வாசிக்கும்போது சிரித்தார். புறநகரை விட்டு லயத்துக்குத் திரும்பிப் போகிற பைத்தியக்காரன் யார் இருக்கப் போகிறான்?

செயலாளர் கௌசி கரும்பலகை பக்கம் போனாள். முன்பள்ளி டீச்சரும் அவள்தான். பலகையில் வெள்ளிக்கிழமை வரைந்த யானையும் வாத்தும் அழியாமல் இருந்தன. அழிக்க மனம் வராமல் யானைக்குக் கீழே ‘நன்மை’ என்றும் வாத்துக்குக் கீழே ‘தீமை’ என்றும் எழுதினாள்.

யானைப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. வீட்டோடு கக்கூஸ். பிள்ளைகள் படிக்கத் தனி அறை. மழை பெய்தால் வாளி வைக்கத் தேவையில்லாத கூரை. எல்லாவற்றுக்கும் மேலாக விலாசம்.

விலாசத்தைப் பற்றி மட்டும் ஜீவராஜ் கால் மணி நேரம் பேசினார். லயத்துக்கு வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, பத்துக் கை மாறித்தான் வரும் என்றும், அப்படி ஒரு வேலைக்கான அழைப்பு நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த கதையையும் சொன்னார். அது உண்மைக் கதை, அவருடைய கதை. அதனால் யாரும் குறுக்கே பேசவில்லை. உதயபுரம் வந்த முதல் வாரமே ‘இல. 3, உதயபுரம், வட்டவளை’ என்று அவர் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதி ஹட்டன் தபால் கந்தோரில் போட்டார். பதினோராவது நாள் அது வந்தது. உறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“இப்ப தீமை சொல்லுங்க,” என்றாள் கௌசி.

வாத்துப் பக்கம் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. நன்றியில்லாதவர்கள் என்று பேர் வந்துவிடுமோ என்ற தயக்கம். பிறகு ஒரு மூலையிலிருந்து, “கூப்பிட்டா யாருக்கும் கேக்க மாட்டேங்குது,” என்று ஒரு குரல் வந்தது. இன்னொருவர், “பக்கத்து வீட்டுல என்னா கறின்னே தெரியல,” என்றார்.

“அது நன்மையில எழுதும்மா,” என்றார் ஜீவராஜ்.

“கறி குடுக்கிறவங்களுக்கு நன்மைதான்,” என்றார் தம்பிஐயா. “வாங்கித் திங்கிறவன் என்னா செய்றது?”

கௌசி யோசித்துவிட்டு அதை யானைக்கும் வாத்துக்கும் நடுவில் எழுதினாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து இராமையா எழுந்தார்.

இராமையா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வெட்டி வெட்டி வலது தோள் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஆறாம் நம்பர் லயத்தில் ஐந்தாவது காம்பரா அவருடையது. அதாவது ஜீவராஜின் ஆராய்ச்சிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் அவர்தான். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், போதும் என்று நின்றுவிடும். அதன் மேலாக உப்பு போகும், வெங்காயம் வரும், மணி என்ன என்று கேள்வி போகும், ஐந்தரை என்று பதில் வரும். ஜீவராஜின் மனைவி புனிதவதிக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது, அவள் வாய்விட்டு முனகுவதற்கு முன்பே இராமையாவின் மனைவி சண்முகவடிவு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஜீவா, ஆட்டோவுக்கு ஓடு,” என்றாள். மூச்சு மாறியதை வைத்தே கண்டுபிடித்திருந்தாள்.

சுவர் உச்சியில் ஒரு பல்பு. இரண்டு காம்பராவுக்கும் அந்த ஒரே பல்புதான் வெளிச்சம். சுவிட்ச் ஜீவராஜ் பக்கம். தினமும் விளக்கை அணைத்துப் படுக்கும்போது, “அமத்தட்டுமாண்ணே?” என்று இவர் கேட்பார். “அமத்து,” என்று அவர் சொல்வார். சில நாள், “இருப்பா, உங்க அக்கா ஊசி கோத்துக்கிட்டு இருக்கா,” என்பார்.

உதயபுரத்துக்கு வீடு பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்டு. ஜீவராஜுக்கு மேல் பாதை ஓரம் மூன்றாம் நம்பர். இராமையாவுக்கு அடியில், ஓடைக்குப் பக்கத்தில், இருபத்தாறாம் நம்பர். இரண்டுக்கும் நடுவே கொங்கிரீட் படிகள். முதல் இரவு இருபத்தாறாம் நம்பரில் விளக்கு விடியும்வரை எரிந்தது. மறுநாள் ஜீவராஜ் விசாரித்தபோது இராமையா வெட்கத்தோடு சொன்னார்: “நீ அமத்துவன்னு படுத்திருந்தேன்ப்பா.” இந்தக் கதையை ஜீவராஜ் எட்டு மாதமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அதே முதல் இரவு, தன் புது வீட்டின் விளக்கை அமர்த்தும் முன்பு வெறும் சுவரைப் பார்த்து, “அமத்தட்டுமாண்ணே?” என்று ஒருவர் கேட்டதும், புனிதவதி போர்வைக்குள் சிரித்ததும் அந்தக் கதையில் வராது.

“என்னாண்ணே, தீமையா?” என்றார் ஜீவராஜ்.

“தீமைன்னு இல்ல,” என்றார் இராமையா. “சாயத்தண்ணி ஆறிப்போவுது.”

முன்பள்ளியே சிரித்தது. விஷயம் எல்லாருக்கும் தெரியும். லயத்தில் வேலைவிட்டு வந்ததும் இரண்டு பேரும் காம்பரா வாசலில் பக்கத்துப் பக்கத்தில் குந்தி, ஒரு கையில் பாலில்லாத தேநீரான சாயத்தண்ணிக் கோப்பையும் மறு உள்ளங்கையில் சீனியுமாக, சீனியை நக்கிக்கொண்டு ஒரு மடக்கு, நக்கிக்கொண்டு ஒரு மடக்கு என்று குடிப்பார்கள். உதயபுரம் வந்த பிறகும் இராமையா அதை விடவில்லை. தினமும் ஐந்து மணிக்கு ஒரு கையில் கோப்பை, மறு கையில் சீனியோடு கீழேயிருந்து படியேறி வருவார். பனி மூட்டத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக்கூட ஒரு கை மிச்சம் இருக்காது. மேலே வந்து சேரும்போது சாயத்தண்ணி பச்சைத்தண்ணியாகி, சீனி உள்ளங்கை வேர்வையில் பாகாகியிருக்கும்.

“எழுதும்மா கௌசி,” என்றார் ஜீவராஜ், முகத்தில் சிரிப்பே இல்லாமல். “தீமை ஒண்ணு: சாயத்தண்ணி ஆறுகிறது. இந்த மனுசன் எண்பத்தி நாலு படி சாயத்தண்ணிக் காவடி எடுக்கிறாரு. அடுத்த வருசம் அலகு குத்திக்கிட்டு வருவாரு.”

“எண்பத்தி மூணு,” என்றார் இராமையா.

“பிளானுல எண்பத்தி நாலுன்னுதான் போட்டிருக்கு. ஏண்ணே, வீட்டுலயே சூடா குடிச்சிட்டு ஏறி வந்தா என்னா?”

இராமையா அவர் பக்கம் திரும்பினார்.

“குடிச்சிட்டா, எதுக்குப்பா ஏறி வர்றது?” என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கௌசி வாத்துக்குக் கீழே ‘தேநீர் ஆறிவிடுகிறது’ என்று எழுத்துத் தமிழில் எழுதினாள். சிரிப்பு இன்னும் முடியவில்லை. சண்முகவடிவு மட்டும் சிரிக்காமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதை ஜீவராஜ் பார்த்தார். குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு இராமையா வரவில்லை.

“போயா லீவு. தூங்கியிருப்பாரு,” என்றார் ஜீவராஜ்.

மறுநாளும் வரவில்லை. “மழை.” மழை பெய்யவில்லை, ஆனால் பெய்யக்கூடிய மாதம்தான்.

மூன்றாம் நாள் ஹட்டனில் தான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடையிலிருந்து வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கி, ஜீவராஜ் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தார். எதிரே சட்டம் போட்ட உறை. புனிதவதி சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நிம்மதி என்றால் இதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஒரு மடக்கு குடித்தார். நாக்கு வெந்துவிட்டது.

“ஏன் இவ்ளோ சூடா போட்ட?”

“எப்பயும் போடுற சூடுதான்,” என்றாள் புனிதவதி.

நாக்கை வெளியே நீட்டிக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு யோசித்தபோதுதான் அவருக்கு விளங்கியது. இருபத்திரண்டு வருடமாகத் தானும் சூடாக ஒரு சாயத்தண்ணி குடித்ததில்லை. கோப்பையைக் கையில் வாங்கியதும் பேச்சு தொடங்கிவிடும். எந்த மலையில் கவ்வாத்து, மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா யாரை ஏசினார், யார் வீட்டுப் பெண்ணுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது, நேற்றுச் சுவருக்கு மேலாக வந்த கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடுதலா, குறைவா. இரண்டு பேரும் ஆறிப்போனதைத்தான் குடித்தார்கள். ஒருநாளும் அதை யாரும் ஆறிப்போனது என்று சொன்னதில்லை.

“நீங்க போய்ப் பார்க்கலாந்தானே,” என்றாள் புனிதவதி.

“நானா? நான் எதுக்கு எறங்கணும்? பாதை மேல இருக்கு. பஸ் மேல இருக்கு. எல்லாரும் மேலதான் வருவாங்க.”

“எட்டு மாசத்துல ஒரு நாள் அவங்க வீட்டு வாசலை மிதிச்சிருக்கீங்களா?”

“தெறப்பு விழாவுக்குப் போனேன்.”

“ரிப்பன் வெட்டுனது பதினஞ்சாம் நம்பரோட முடிஞ்சிருச்சி. பெரியவங்களுக்குக் கால் வலின்னு அதுக்குக் கீழ யாரும் எறங்கல. நீங்களும் அவங்களோடயே திரும்பி வந்துட்டீங்க.”

ஜீவராஜ் டிவியைப் போட்டார். டிவியில் யாரோ ஒரு கட்டட முதலாளி, கொழும்புக்கு வெளியே அமைதியான சூழலில் வீடு வாங்குங்கள், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவராஜ் டிவியை அமர்த்தினார். பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை கௌசி வந்தாள். கையில் ஒரு தாள்.

“தலைவர் சைன் வைக்கணும்,” என்றாள். “இருபத்தாறாம் நம்பர். நாளைக்கு நான் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

ஜீவராஜ் வாசித்தார். ‘மேற்படி வீட்டைத் திருப்பிக் கையளித்து, மேல் டிவிசன் ஆறாம் இலக்க லயம், ஐந்தாம் காம்பராவில் தொடர்ந்து வசிக்க விரும்புகிறேன். காரணம்:’ என்று அச்சடித்திருந்த இடத்தில் இராமையா உருண்டை எழுத்தில், ‘முழங்கால்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே தலைவருக்கான வரி: ‘இதில் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை.’

“முழங்காலா?” என்றார் ஜீவராஜ். “மலையில நாளெல்லாம் நிக்கிற மனுசனுக்கு?”

“நானும் அதத்தான் கேட்டேன். எழுதறதுக்கு அந்த எடத்துல அவ்ளோதான் எடம் இருந்துச்சின்னு சொன்னாரு.” கௌசி தயங்கினாள். “நாலாவது காம்பராவுல இப்ப யாரும் இல்லியே அங்கிள்? நீங்க சாவி குடுத்துட்டீங்கதானே? அவரு திரும்பிப் போனாலும் செவுத்துக்கு அந்தப் பக்கம் வெறுங்காம்பராதான்.”

அதை ஜீவராஜ் யோசித்திருக்கவில்லை. கூரைத் தகரத்துக்குக் கீழே அந்தப் பல்பு அவர் மனக்கண்ணில் தெரிந்தது. சுவிட்ச் இருந்த பக்கம் இருட்டு. அந்தப் பக்கம் ஒருவர் படுத்துக்கொண்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கிறார்.

“தாளை வச்சிட்டுப் போம்மா,” என்றார். “நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்.”

கௌசி போன பிறகு அவர் குசினிப் பக்கம் போனார். புனிதவதி அப்போதுதான் சாயத்தண்ணியை இறக்கியிருந்தாள். ஜீவராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோப்பையை எடுத்தார். இடது கையை நீட்டினார்.

புனிதவதி சீனிப் போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி போட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து இன்னும் அரைக் கரண்டி போட்டாள்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. படிகளின் ஓரம் பாசி. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் சீனி. வழுக்கினால் பிடிப்பதற்குப் பல்தான் மிச்சம். ஜீவராஜ் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்கினார். பத்தாவது படியில் கோப்பை தளும்பிப் பெருவிரலைச் சுட்டது. இருபதாவது படியில் சுடவில்லை. மெதுவாக எண்ணினார். எண்ணாவிட்டால் வேறு எதையாவது யோசிக்க வேண்டிவரும்.

எட்டாம் நம்பர் வாசலில் தம்பிஐயா கோழிக்கூட்டை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மூடிய கையைப் பார்த்தார். முப்பது வருடம் சலித்த மனுசன். வாய்வரை ஏதோ வந்தது தெரிந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, “அந்த வளைவுல பார்த்து வைங்க, தலைவரே. ஒரு படி ஒடஞ்சிருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் நம்பரைத் தாண்டியதும் அவருக்குத் தெரியாத ஊர் தொடங்கியது. வீடுகள் அதே வீடுகள்தான். ஆனால் ஒரு வேலியில் லயத்து வாசலில் பூத்த அதே டேலியா. ஒரு முற்றத்தில் லயத்துத் தகரத்தை வெட்டி மடித்த வாளி. எங்கோ கருவாடு வறுக்கிற வாசனை. அடியில் ஓடைச் சத்தம், மேலே கேட்காத சத்தம். புறநகரின் இந்தப் பகுதியைப் பற்றித் தலைவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அல்லது ஐந்து மணிக்கு வந்து தினமும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

இருபத்தாறாம் நம்பர் வாசற்படியில் இராமையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோப்பை, குடிக்காமல். உள்ளே லயத்துக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்த இரண்டு சாக்கு மூட்டைகள் தெரிந்தன. ஜீவராஜ் கடைசிப் படியை விட்டு இறங்கியதும் மூச்சிரைத்தது. முழங்கால் நடுங்கியது.

“எண்பத்தி மூணுதாண்ணே வருது,” என்றார்.

“எட்டு மாசமா அதைத்தான் சொல்றேன்,” என்றார் இராமையா.

ஜீவராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். சண்முகவடிவு வாசலுக்கு வந்து பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“வா ஜீவா,” என்றாள். “வழி தெரிஞ்சிச்சா?”

“தெரிஞ்சிச்சிக்கா.”

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

இராமையா, ஜீவராஜ் பக்கம் திரும்பாமலே, “கௌசி தாள் குடுத்துச்சா?” என்றார்.

“குடுத்துச்சி. பையில இருக்கு.”

“சைன் வச்சிட்டியா?”

“எங்கண்ணே வைக்கிறது?” என்று ஜீவராஜ் கோப்பையையும் சீனிக் கையையும் தூக்கிக் காட்டினார். “ரெண்டு கையும் நெறஞ்சிருக்கே.”

இராமையா அந்தக் கைகளைப் பார்த்தார். சீனி பாகாகி விரலிடுக்கில் வழிந்திருந்தது. அவர் தன் கோப்பையை எடுத்தார்.

“நாளைக்கு?” என்றார்.

“நாளைக்கும் இதே நேரந்தாண்ணே,” என்றார் ஜீவராஜ். “கை இப்பிடித்தான் இருக்கும்.”

இராமையா உள்பக்கம் திரும்பி, “வடிவு, அந்த மூட்டையில என் சீனிப் போத்தல் இருக்கு. அவுத்து எடு,” என்றார்.

ஜீவராஜ் உள்ளங்கையை ஒரு தரம் நக்கி, ஒரு மடக்கு குடித்தார். நன்றாக ஆறியிருந்தது. கீழ் மலையில் அடுத்த வாரம் கவ்வாத்து தொடங்குவதாக இராமையா சொல்லத் தொடங்கினார். பனிக்காற்றில் முதுகு சிலிர்த்தது. ஜீவராஜ் உட்கார்ந்தபடியே கொஞ்சம் பின்னால் நகர்ந்து, இருபத்தாறாம் நம்பர் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.